குறை இல்லாதவருக்குக் கர்த்தர் எதற்கு?

ஓசூரில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் தம் பெரியப்பாவைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார். காவேரிப்பட்டணம் பக்கத்தில் மானாவாரி நிலத்தை வைத்துக்கொண்டு அல்லாடிய காலத்தில் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வந்த அந்த மனிதர், ஆழ்துளைக் கிணறு, மாந்தோப்பு, கூழ் ஆலைகளுக்குக் காய் அனுப்பும் மண்டி என்று வளர்ந்த பிறகு, கிறிஸ்துமஸுக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் மட்டும் தலைகாட்டுகிறார். கேட்டால், "எனக்கு ஒரு குறையும் இல்லை, நான் போய் அங்கே எதைக் கேட்பது?" என்கிறாராம். அவரிடம் என்ன பேசுவது என்று கேட்கும் அந்த இளைஞர், இதை ஒட்டி மூன்று சந்தேகங்களையும் எழுப்புகிறார். விசுவாசத்துக்குத் தடையாக இருப்பது பணமா, பண ஆசையா? சொந்தக் காலில் நிற்பதைத் திருக்குறள் முதல் நம் பள்ளிக்கூடங்கள் வரை எல்லாரும் புகழ்ந்திருக்க, கிறிஸ்தவம் அதைக் குற்றமாகவா பார்க்கிறது? அப்படியானால் கிறிஸ்தவன் ஏழையாகவே இருந்துவிட வேண்டுமா?

முதல் கேள்விக்குப் பிரசங்க மேடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "பணம் தவறல்ல, பண ஆசைதான் தவறு" என்பது. 'பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது' என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது உண்மைதான் என்றாலும், இந்தப் பதில் எனக்குப் போதுமானதாகத் தோன்றியதில்லை. காரணம் எளிது: தனக்குப் பண ஆசை இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பணக்காரர் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை, ஆகவே அந்த வாக்கியம் யாரையும் தொடாமல் எல்லார் தலைக்கும் மேலாகப் போய்விடுகிறது. இயேசு அவ்வளவு வசதியாகப் பேசவில்லை. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைப் பார்க்கிலும், ஒட்டகமானது ஊசியின் காதிலே நுழைவது எளிதாயிருக்கும் என்றுதான் சொன்னார். அவர் குறிப்பிட்டது ஆசையை அல்ல, ஆளையே.

இந்த வாக்கியத்தின் கூர்மையை மழுக்க இரண்டாயிரம் ஆண்டுகளாக எடுக்கப்பட்ட முயற்சிகளே ஒரு தனி வரலாறு. எருசலேமில் 'ஊசிக்கண்' என்றொரு சிறு வாசல் இருந்தது, சுமையை இறக்கி முழங்காலிட்டால் ஒட்டகம் அதில் நுழைந்துவிடும் என்ற விளக்கத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு வாசல் அக்காலத்தில் இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. இடைக்கால விளக்கவுரைகளுக்கு முன்னால் அந்தக் கதையையே காணோம். ஒட்டகம் என்ற கிரேக்கச் சொல்லை ஓர் எழுத்து மாற்றிக் கப்பல் கயிறு என்று வாசிக்கலாம் என்று 5-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் சொன்னார்; கயிறு மட்டும் ஊசியில் நுழைந்துவிடுமா என்ன? யூதர்களின் பாபிலோனியத் தல்மூது நூலில் ஊசிக் காதில் நுழையும் யானை, நடக்கவே முடியாததற்கு உவமையாக வருகிறது. இயேசுவின் ஒட்டகமும் அதே இனம்தான்.

இன்னொரு மழுக்கல் நம் கையில் இருக்கும் பழைய திருப்புதல் வேதாகமத்திலேயே இருக்கிறது. மாற்கு 10-ஆம் அதிகாரம் 24-ஆம் வசனத்தில், 'ஐசுவரியத்தின்மேல் நம்பிக்கையாயிருக்கிறவர்கள்' ராஜ்யத்தில் பிரவேசிப்பது அரிது என்று வாசிக்கிறோம். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இந்தச் சொற்றொடர் இல்லை. ராஜ்யத்தில் பிரவேசிப்பது எவ்வளவு அரிது என்று மட்டுமே அங்கே இருக்கிறது. பிற்காலத்தில் பிரதி எடுத்தவர் எவரோ, வாசிப்பவருக்கு மூச்சு விட இடம் கொடுத்திருக்க வேண்டும். அவர் சேர்த்ததில் பொருள் இல்லாமல் இல்லை. பணம் எங்கே கடிக்கிறது என்பதை அவர் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். ஆனாலும் பணம் இருந்தும் அதன்மேல் நம்பிக்கை வைக்காமல் இருப்பது நாம் நினைத்தவுடன் கைகூடும் காரியம் என்ற எண்ணத்தை அந்தச் சொற்றொடர் தந்துவிடுகிறது. சீஷர்கள் 'அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும்' என்று திகைத்ததற்கு அதன் பிறகு பொருளே இல்லாமல் போகிறது.

இயேசு இப்படிச் சொல்லக் காரணமான ஐசுவரியவானின் கதையைத் தனியாக எடுத்துப் பிரசங்கிக்கும் பழக்கத்தால் நாம் இழப்பது அதிகம். மாற்கு அதை எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அதற்குச் சற்று முன்னால் சிறு பிள்ளைகள் கொண்டுவரப்படுகிறார்கள். சிறு பிள்ளையைப்போல் தேவனுடைய ராஜ்யத்தை 'ஏற்றுக்கொள்ளாவிட்டால்' அதில் பிரவேசிக்க முடியாது என்று இயேசு சொல்கிறார். பிள்ளைகளின் கள்ளமின்மையைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் கையைப் பற்றித்தான் பேச்சு. அடுத்த காட்சியில் ஒருவன் ஓடிவந்து முழங்கால்படியிட்டு, 'நித்தியஜீவனைச் சுதந்தரித்துக்கொள்ளும்படி நான் என்ன செய்யவேண்டும்' என்று கேட்கிறான். அதிகாரத்தின் முடிவில் எரிகோ வழியருகே உட்கார்ந்திருக்கும் குருட்டுப் பிச்சைக்காரன் பர்திமேயு வருகிறான். அவனிடம் இயேசு கேட்பது, 'நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்' என்று. இந்த இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்து உரக்க வாசித்துப் பாருங்கள். நான் சொல்லவரும் விஷயம் அதற்குள்ளேயே இருக்கிறது. முதல் மனிதன் தான் செய்ய வேண்டியதைக் கேட்டு வந்தான். உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று சொல்லப்பட்டதும் மனமடிந்து துக்கத்தோடே போய்விட்டான். இரண்டாவது மனிதன் தனக்குச் செய்யப்பட வேண்டியதைக் கேட்டான். தன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வந்தான். பிச்சைக்காரனுக்கு மேல்வஸ்திரம் என்பது இரவில் போர்வை. அவனுடைய ஆஸ்தி அவ்வளவுதான் என்றுகூடச் சொல்லலாம். விட்டுவிட்டு வரச் சொல்லி அவனிடம் யாரும் கேட்கவே இல்லை.

ஓடிவந்த மனிதனிடம் இயேசு, 'உன்னிடத்தில் ஒரு குறைவு உண்டு' என்றார். வெளிப்படுத்தின விசேஷத்தில் லவோதிக்கேயா சபையார் சொல்லிக்கொண்டது, 'எனக்கு ஒரு குறைவுமில்லை' என்று. கிரேக்க மூலத்தில் இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் போட்டதால், கிரேக்கம் படிப்பவருக்குக் கிடைக்காத ஒரு வெளிச்சம் தமிழில் படிக்கும் நமக்குக் கிடைத்திருக்கிறது. உங்கள் பெரியப்பா தம்மை அறியாமல் லவோதிக்கேயாவின் வாக்கியத்தையே கிட்டத்தட்ட அப்படியே சொல்லியிருக்கிறார்.

லவோதிக்கேயா கற்பனை ஊர் அல்ல. இன்றைய துருக்கியில், பட்டணங்கள் நெருங்கிய ஒரு பள்ளத்தாக்கில் இருந்த வர்த்தக நகரம். பணப்புழக்கத்துக்கும் கறுப்பு ஆட்டுரோமத் துணிக்கும் பெயர்பெற்றது. கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் அந்த நகரம் இடிந்தபோது, ரோமின் உதவி எதுவும் இல்லாமல் சொந்தப் பொருளைக்கொண்டே அது மீண்டும் எழும்பியது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். பேரிடருக்குப் பிறகு பேரரசிடம் கையேந்தாத ஊர் அது. அந்தப் பெருமிதம் ஊர்க்காரர்களோடு சபைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டதில் வியப்பில்லை. கவனியுங்கள், அந்தச் சபை எதையும் மறுதலிக்கவில்லை. கள்ள உபதேசம் என்ற குற்றச்சாட்டும் அதன்மேல் இல்லை. ஆராதனை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆண்டவர் மட்டும் வாசலுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். மோசேயின் உபாகமத்தில் ஒரு பகுதி உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி விவசாயிகள் அளவுக்கு அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் குறைவு என்பது என் எண்ணம். பதினோராம் அதிகாரத்தில், நீங்கள் போகிற தேசம் எகிப்தைப்போல் இராது, அங்கே கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுவதுபோல் காலால் நீர்ப்பாய்ச்சினீர்கள், இதுவோ மலைகளும் பள்ளத்தாக்குகளுமுள்ள தேசம், வானத்தின் மழைத்தண்ணீரைக் குடிக்கும் தேசம் என்று சொல்லப்படுகிறது. நைல் நதி வருடம் தவறாமல் பெருகும். அங்கே தண்ணீருக்காக வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை, காலைப் பார்த்தால் போதும். வாக்குத்தத்த தேசமோ மானாவாரி. விடுதலையாக்கிய ஜனத்தைத் தேவன் பாசன வசதியுள்ள இடத்திலிருந்து மழையை நம்பும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அதை ஆசீர்வாதம் என்றும் சொல்கிறார். விவசாயக் கண்ணுக்கு இது நஷ்டக் கணக்கு. ஆனால் மழையை நம்பியிருப்பவனுக்கு அண்ணாந்து பார்ப்பது பழக்கமாகிவிடும். அந்தப் பழக்கத்தைத்தான் மோசே காப்பாற்றப் பார்க்கிறார்.

கேழ்வரகும் கொள்ளும் சாமையும் மழையை நம்பி விதைத்த காலத்தில், எங்கள் சபையில் ஆடி மாதத்தில் மழைக்கான ஜெபம் தனியாக நடக்கும். வெறுங்காலோடு வந்து சிமெண்டுத் தரையில் முழங்காலிட்ட பெரியவர்களில் உங்கள் பெரியப்பா வயதுக்காரர் பலர் இருந்தார்கள். பிறகு ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டிகள் வந்தன. நானே ஒரு முறை பக்கத்துத் தோட்டத்தில் விடிய விடிய நின்றிருக்கிறேன். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காய் வைத்துக் காட்டிய இடத்தில், போதகர் ஜெபித்த பிறகு, துளை போட ஆரம்பித்தார்கள். அறுநூறு அடி வரை புகைதான். வெள்ளை மண்தூள் எல்லார் தலைமுடியிலும் படிந்து, நாங்கள் எல்லாருமே ஒரே இரவில் கிழவர்கள் ஆனதுபோல இருந்தோம். தோட்டக்காரர் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. குழாய் ஒவ்வொன்றாக இறங்க இறங்க அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. எண்ணூற்றுச் சொச்சம் அடியில் தண்ணீர் பீறிட்டபோது அவர் சேற்றில் விழுந்து அழுதார். அந்த அழுகையில் இருந்த ஸ்தோத்திரத்தை நான் எந்த ஆலயத்திலும் கேட்டதில்லை. ஆனால் அதோடு சரி. மறுமாதம் மோட்டார், சொட்டுநீர்க் குழாய், பிறகு கைபேசியிலேயே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் கருவி. தண்ணீர் இப்போது அவர் விரல் நுனிக்கு வந்துவிட்டது. மழைக்கான ஜெபம் என்றைக்கு நின்றது என்று எங்கள் சபையில் யாருக்கும் ஞாபகம் இல்லை. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. தேவை தீர்ந்ததும் தானாக உதிர்ந்துவிட்டது.

செல்வம் விசுவாசத்தைத் தாக்கும் விதம் பெரும்பாலும் இதுதான். அது வாதம் செய்து தோற்கடிப்பதில்லை. கேட்பதற்கான சந்தர்ப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறது. காய்ச்சலுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்க மூப்பரை அழைத்தவர் காரை எடுத்துக்கொண்டு பெங்களூர் போகிறார்; பிள்ளையின் படிப்புக்கு உபவாசம் இருந்தவர் கட்டணத்தைக் கட்டிவிடுகிறார். இவற்றில் ஒன்றும் பாவம் அல்ல; மருத்துவமனைக்குப் போவதைக் குறை சொல்லும் போதகர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் கை நீட்டுவது உடம்பில் தங்கும் ஒரு பழக்கம். பயன்படுத்தாத கை மூட்டு போல அது இறுகிவிடும். பிறகு உண்மையிலேயே நீட்ட வேண்டிய நாளில், ஒரு மரணத்தின் முன்னாலோ ஒரு குற்றத்தின் முன்னாலோ, நீள மறுக்கும்.

இதில் வேதனையான வேடிக்கை ஒன்று உண்டு. செல்வத்தைக் கொண்டுவந்ததே பல வீடுகளில் விசுவாசம்தான். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, தம் முதுமையில் 1786-இல் இதைப் பற்றிக் கவலையோடு எழுதினார். பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் பிறப்பிக்கும். அவை செல்வத்தைப் பிறப்பிக்கும். செல்வம் பெருகப் பெருகக் கர்வமும் உலக ஆசையும் பெருகும். ஆகவே செல்வம் கூடிய இடங்களிலெல்லாம் பக்தியின் சாரம் அதே அளவுக்குக் குறைந்திருப்பதாக அஞ்சுகிறேன் என்பது அவர் சொன்னதன் சுருக்கம். அவருக்கு இதற்குத் தெரிந்த ஒரே மருந்து, சம்பாதிக்கவும் சேமிக்கவும் செய்கிறவர்கள் அதே வேகத்தில் கொடுக்கவும் வேண்டும் என்பது. நம் பக்கத்துக் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். தாத்தா சாராயத்தை விட்டார். அந்தக் காசு மிஞ்சியது. அப்பா வட்டிக்கு வாங்குவதை விட்டார். ஓர் ஏக்கர் சேர்ந்தது. மகன் மிஷன் விடுதியில் தங்கிப் படித்து உத்தியோகத்துக்குப் போனார். பேரனுக்கு, இதெல்லாம் எப்படி வந்தது என்ற கதையே தெரியாது. தெரிந்தாலும், 'என் தாத்தா உழைத்தார்' என்று மட்டுமே தெரியும். கிருபையாகத் தொடங்கியது மூன்றாம் தலைமுறையில் திறமையாகப் பதிவாகிவிடுகிறது.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 'தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்' என்ற குறளை முப்பது ஆண்டுகள் பள்ளியில் நடத்தியவன் நான். அதற்கு எதிராக எழுத எனக்குக் கை வராது, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. உழைக்க மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று எழுதிய பவுல், கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர். வேதாகமம் எதிர்ப்பது முயற்சியை அல்ல, முயற்சியின் கணக்கை எழுதும் முறையைத்தான். உபாகமம் எட்டாம் அதிகாரத்தில், நல்ல வீடுகளைக் கட்டிக் குடியிருக்கும்போது 'என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது' என்று சொல்லிக்கொள்ளாதபடி எச்சரிக்கிறார் மோசே. நீ உழைக்கவே இல்லை என்று அவர் சொல்லவில்லை. சம்பாதிப்பதற்கான பெலனைக் கொடுத்தவரை நினை என்கிறார். லூக்கா 12-இல் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட ஐசுவரியவானின் கதையும் அப்படித்தான் தொடங்குகிறது: 'நிலம் நன்றாய் விளைந்தது.' விளைந்தது நிலம். அடுத்த வரியிலிருந்து அவன் பேச்சில் 'என் தானியம்', 'என் களஞ்சியங்கள்', 'என் ஆத்துமா' என்பதைத் தவிர வேறு ஆளே இல்லை. யோசனை கேட்க மனைவி இல்லை, கூலியாட்கள் இல்லை, பக்கத்து நிலத்துக்காரன் இல்லை. மண்டி வைத்திருக்கும் எவரும் ஒரு கோடையில் சொல்லியிருக்கக்கூடிய வசனம்தான் அது.

உண்மையில் நம் மாவட்டத்தில் தன்னந்தனியாகச் சொந்தக் காலில் நிற்பவர் எவர்? தை மாதத்து மாம்பூவைப் பனியும் பூச்சியும் விட்டுவைக்க வேண்டும். பெங்களூரா ரக மாங்காய்க்கு ஆலைகள் என்ன விலை சொல்லும் என்பதைத் தோப்புக்காரர் முடிவு செய்வதில்லை. காய் பறிக்க ஆள் வர வேண்டும். ஆயிரம் அடியில் சொந்தமாகத் தண்ணீர் எடுத்தவர்கள்கூட, அந்தத் தண்ணீரில் இருந்த ஃபுளூரைடு பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாக ஏறியதைப் பார்த்துவிட்டு, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் குழாயடியில்தான் குடம் வைத்தார்கள். எங்கோ குடகில் பெய்த மழை அது. ஜப்பானியக் கடனில் போட்ட குழாய் அது. சொந்தக் கால் என்பது வசதிக்காக நாம் சொல்லிக்கொள்ளும் பேச்சு.

தன்னை நம்புவது பணத்தைக் காட்டிலும் நுட்பமான தடை என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு: பணமே இல்லாதவரிடமும், ஏன், எல்லாவற்றையும் துறந்தவரிடமும் அது இருக்க முடியும். 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலேஜியஸ் என்ற துறவி, மனிதன் தன் மனவுறுதியாலேயே கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்று போதித்தார்; ஆயர் அகுஸ்தீன் அதைக் கடுமையாக மறுத்தார்; 418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலேஜியஸின் போதனையைக் கண்டனம் செய்தது. அந்தப் பெலேஜியஸின் வட்டத்திலிருந்து வந்த ஒரு நூல்தான், பணக்காரனை அகற்றிவிட்டால் ஏழையைக் காணமாட்டாய் என்று, செல்வத்தை அக்காலத்தில் மிகக் கடுமையாகச் சாடியது. அந்த வாக்கியத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும், பணத்தை முழுதாக விடச் சொன்னவர்களே தங்கள் சக்தியை விட மறுத்தவர்களாக இருந்ததைப் பார்க்கும்போது, துறவும் ஒரு சொத்தாகிவிடலாம் என்பது விளங்குகிறது. ஐசுவரியவான் போன மறுகணமே பேதுரு, 'இதோ, நாங்கள் எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே' என்று கணக்குக் காட்டியது நினைவிருக்கும்.

அடுத்தவரைச் சொல்லிக்கொண்டே போகிறேன்; என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருந்தேன். ஓய்வூதியம் வருகிறது, மகள் பக்கத்தில் இருக்கிறாள், ஒன்றுக்கும் பஞ்சமில்லை. எங்கள் சபையில் நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு வயதான அம்மா, தூக்குச்சட்டியில் கேழ்வரகுக் கூழும் இலையில் மடித்த துவையலும் கொண்டுவந்தார். கட்டிலில் இருந்தபடியே, "எதுக்கும்மா இந்தச் சிரமம், எங்ககிட்ட எல்லாம் இருக்கே" என்று சொல்லி, மனைவியிடம் கண்ணைக் காட்டினேன். அவள் நாசூக்காகத் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். மருத்துவர் கூழைத் தடுக்கவில்லை; எனக்குப் பசியும் இருந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் தூக்குச்சட்டியின் மூடியை இன்னொரு முறை அழுத்தி மூடிக்கொண்டு போனார். அந்த மூடியின் சத்தம் எனக்கு வெகுநாள் போகவில்லை. அவருக்குப் பல முறை நான் உதவியிருக்கிறேன். அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள மட்டும் எனக்கு வரவில்லை. பெருந்தன்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததன் அடியில் இருந்தது, கொடுக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். அன்று இரவு ஜெபிக்கத் தொடங்கியபோது கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் ஆலயங்கள் இந்த நோய்க்குத் தீனி போடுகின்றன என்பது என் ஆதங்கம். மின்விசிறியின் இறக்கையில் 'உபயம்', சுவர்க்கடிகாரத்தில் 'உபயம்', பெஞ்சின் முதுகில் 'உபயம்'. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் ஐயாயிரத்துக்குப் போகும்போது கைதட்டுகிறோம். அந்தப் பணத்தில் நல்ல காரியங்கள் நடக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் வசதியுள்ளவர் ஆலயத்துக்குள் கொடுப்பவராக மட்டுமே நுழைந்து கொடுப்பவராகவே வெளியேறும்படி ஏற்பாடு செய்துவிட்டு, அவர் வாங்கிக்கொள்ள வரவில்லையே என்று வருந்துகிறோம். உங்கள் பெரியப்பா வருடத்தில் வரும் இரண்டு நாளில் ஒன்று ஏல நாள் என்பது எனக்கு வியப்பாக இல்லை.

மூன்றாவது கேள்விக்கு: இல்லை, வறுமை விசுவாசத்தைக் கொடுத்துவிடாது. நீதிமொழிகள் 30-இல் ஆகூர் என்பவர், தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக என்று ஜெபிக்கிறார். பரிபூரணம் அடைந்தால் 'கர்த்தர் யார்' என்று கேட்டுவிடுவேன், தரித்திரப்பட்டால் திருடிவிடுவேன் என்று இரண்டு பயத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறார். பசியை ஆவிக்குரிய நன்மை என்று ஏழைக்குப் பிரசங்கம் செய்கிறவர் தாம் சாப்பிட்டுவிட்டு வந்தவராகத்தான் இருப்பார். அந்தப் பிரசங்கம் கேட்டுப் புண்பட்டவர்கள் நம் சேரிகளில் இருக்கிறார்கள். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, நாம் அப்போது சேர்ந்திருந்த சேலம் ஜில்லா செத்து மடிந்தது. அப்படிப்பட்ட காலங்களில் மதம் மாறியவர்களைக் கஞ்சிக்கு வந்தவர்கள் என்று ஏளனம் செய்வதை இன்றும் கேட்கிறோம். கஞ்சிக்கு வந்ததில் என்ன கேவலம்? பர்திமேயுவும் எதையோ கேட்டுத்தான் வந்தான். மலைப்பிரசங்கத்தில் 'ஆவியில் எளிமையுள்ளவர்கள்' என்று நாம் வாசிக்கும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், பாடுபட்டுப் பிழைக்கும் ஏழையைக் குறிப்பதல்ல. குனிந்து கையேந்தும் பிச்சைக்காரனைக் குறிப்பது. மறுபக்கம், விதைப்புக் காணிக்கை போட்டால் நூறத்தனையாக வரும் என்று ஆசீர்வாதக் கூட்டங்களில் சொல்பவர்களைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. நோயையே மருந்தென்று விற்கிறார்கள்.

செல்வரெல்லாம் விற்றுவிட வேண்டுமா என்றால், இயேசு எல்லாரிடமும் ஒரே தொகையைக் கேட்கவில்லை. ஓடிவந்தவனிடம் முழுவதையும் கேட்டார். வரி வசூலிப்பவனான சகேயு, அவர் கேட்காமலேயே பாதியைக் கொடுத்தான். மார்த்தாளின் வீடு அவளிடமே இருந்தது, அவர் அங்கே விருந்தாளியாகப் போனார். ஏறத்தாழ கி.பி. 200-இல் அலெக்சாந்திரியாவின் இறையியல் ஆசிரியர் கிளெமெந்து, எல்லாரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் பசித்தவனுக்கு யார் போடுவது என்று நியாயமாகவே கேட்டார். எழுபது ஆண்டுகள் கழித்து அதே எகிப்தில் அந்தோணி என்ற இளைஞர், விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற அந்த வசனம் ஆலயத்தில் வாசிக்கப்பட்டபோது அது தனக்கென்றே வாசிக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு, சுமார் 200 ஏக்கர் வரும் நல்ல நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இவர்களில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கிளெமெந்தின் வாதத்தைப் பிடித்துக்கொள்ளும் எல்லாரும் பசித்தவனுக்குப் போடுகிறார்களா என்பதை மட்டும் கவனித்து வருகிறேன்.

உங்கள் பெரியப்பாவிடம் என்ன பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். இதில் எதையும் பேச வேண்டாம். மேலே எழுதியதை அவருக்கு அனுப்பவும் வேண்டாம். அவர் நல்ல கணக்குக்காரர், பதிலுக்குப் பத்துக் கேள்வி கேட்டு உங்களை மடக்கிவிடுவார். அவரிடம் போகிறவர்கள் எல்லாரும் நன்கொடை ரசீதோடோ கடனுக்கோ சிபாரிசுக்கோ போகிறவர்கள். சபையாரும் அதற்கு விலக்கல்ல. நீங்கள் ஒன்றும் கேட்காமல் போங்கள். மாங்காய்ச் சீசன் ஓயட்டும், ஆவணி பிறக்கட்டும். அதுவரை அவருக்கு உட்கார நேரம் இருக்காது. போகும்போது உங்கள் அம்மா கையால் களியும் கொள்ளுக் குழம்பும் செய்யச் சொல்லி எடுத்துக்கொண்டு போங்கள். எல்லாம் இருக்கிறதே என்றுதான் முதலில் சொல்வார். தூக்குச்சட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவர் சாப்பிட உட்கார்ந்த பிறகு, முதல் போர் போட்ட இரவைப் பற்றிக் கேளுங்கள், எத்தனை அடி வரை புகை வந்தது என்று.